வீட்டுக்கு நெட் வேணுமா? முதல்ல வீட்டுக் கணக்கைப் போடுங்க!



இப்போதெல்லாம் எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் சேமிப்பு, கடன் தவணை, தீர்மானம் எல்லாம் முடிந்தபிறகு ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "மேடம், வீட்டுக்கே ஒயர் இழுத்து நெட் கொடுக்கிறோம்னு ஆள் வந்திருக்காங்க. போடலாமா, வேணாமா?" என்று கேட்கிறார்கள். ஒரு குழுவில் ஆறு மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டுவதற்கு மூன்று பேர் உள்கடனே கேட்டிருக்கிறார்கள். "பிள்ளைங்க படிப்புக்குத்தானே, கொடுத்துடலாம்" என்று சிலரும், "சினிமா பார்க்கவா குழுப் பணம்?" என்று சிலரும் சொல்ல, கூட்டத்தில் ஒரே வாக்குவாதம்.

நெட் என்பது இன்றைக்கு ஆடம்பரம் இல்லை. வங்கிக் கணக்கில் பணம் ஏறியதா என்று பார்க்க, பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம் போட, தைத்த ரவிக்கையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஆர்டர் பிடிக்க என எல்லாவற்றுக்கும் நெட் தேவைப்படுகிறது. ஆனால் தேவை என்பதற்காக யாரோ வந்து சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. பால்மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம், எத்தனையாவது ஈத்து என்று கேட்கிறோம். மாதாமாதம் பணம் கட்டப்போகிற இதற்கும் நாலு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லதுதானே? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இரண்டு அளவுகள்

ஏஜெண்ட் பேசும்போது ஜிபி என்பார், எம்பிபிஎஸ் என்பார். இரண்டும் வேறு வேறு. தண்ணீர்க் கணக்காகப் பார்த்தால் சுலபமாகப் புரியும்.

ஜிபி என்பது எத்தனை குடம் தண்ணீர் என்கிற கணக்கு. "தினம் ஒன்றரை ஜிபி" என்றால் ஒரு நாளைக்கு அவ்வளவுதான். அதற்குமேல் செலவழித்தால் தீர்ந்துவிடும், இல்லாவிட்டால் சொட்டுச் சொட்டாக வரும்.

எம்பிபிஎஸ் என்பது குழாய் எவ்வளவு பெரியது, தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்கிற கணக்கு. அரை இஞ்ச் குழாயிலும் தண்ணீர் வரும், இரண்டு இஞ்ச் குழாயிலும் வரும். ஒரே நேரத்தில் நாலு பேர் திறந்தால் எது தாங்கும் என்பதுதான் வித்தியாசம்.

செலவு எவ்வளவு ஆகும்? வீடியோவை ஒரு மணி நேரம் சாதாரணத் தெளிவில் பார்த்தால் சுமார் அரை ஜிபி போகும். நல்ல தெளிவில் பார்த்தால் ஒரு ஜிபிக்கு மேலேயே போய்விடும். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிற செய்திக்கு ஒன்றுமே ஆகாது என்று சொல்லலாம். வேகத்தைப் பார்த்தால், ஆன்லைன் வகுப்புக்கு 2 அல்லது 3 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். தெளிவான வீடியோவுக்கு 5 இருந்தால் நல்லது. ஆகவே நாலு பேர் உள்ள ஒரு வீட்டுக்கு 30 எம்பிபிஎஸ் தாராளம். "100 போடுங்க, 200 போடுங்க" என்று ஏஜெண்ட் சொன்னால், "எங்க வீட்ல அவ்வளவு வேலை இல்லைங்க" என்று சொல்லிவிடலாம்.

ஒரு தகவல். நம் நாட்டில் 2004-இல் 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தாலே அதற்கு பிராட்பேண்ட் என்று பெயர். 2013-இல் அதை 512 ஆக்கினார்கள். 2023-இல் குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். அதாவது 2004-இல் இருந்ததைப் போல எட்டு மடங்கு. "பிராட்பேண்ட்" என்ற வார்த்தையைக் கேட்டதும் மயங்கிவிடாமல் எத்தனை எம்பிபிஎஸ் என்று எண்ணில் கேளுங்கள்.

என்னென்ன இணைப்புகள் இருக்கின்றன?

1. செல்போன் நெட்

நம்மில் முக்கால்வாசிப் பேர் பயன்படுத்துவது இதுதான். இது தெருக்குழாய் மாதிரி. டவர் ஒன்று, பிடிக்கிற குடங்கள் பல. காலை பத்து மணிக்கு நன்றாக வரும். ராத்திரி ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை ஊரே பிடிக்கும், அப்போது வேகம் குறையும். "பகல்ல நல்லாத்தான் இருக்கு, பையன் படிக்க உட்காரும்போதுதான் சுத்திக்கிட்டே நிக்குது" என்று சொல்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான்.

இதில் நல்லது என்னவென்றால், முன்பணம் கிடையாது, ஒயர் கிடையாது, காட்டுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் கூடவே வரும். கையில் பணம் இல்லாத மாதம் ரீசார்ஜ் செய்யாமலும் இருக்கலாம். ஒருவர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் வீட்டில் இன்னொருவரும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த போன் வெளியே போனால் நெட்டும் கூடவே போய்விடும். பெரும்பாலும் வீட்டுக்காரர் போனில்தான் ரீசார்ஜ் இருக்கும். அவர் வேலைக்குப் போனதும் வீட்டில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் இருக்காது.

2. பழைய டெலிபோன் ஒயர்

பிஎஸ்என்எல் 2005-இல் கொண்டுவந்த பிராட்பேண்ட் இந்த வகை. செம்புக் கம்பி வழியாக வரும். எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட வேகம் குறைந்துகொண்டே போகும். நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்குச் சரியாக எட்டாது. செம்புக் கம்பி திருட்டும் அதிகம், இடி மின்னலுக்கும் பழுதாகும். இனிமேல் புதிதாக இதை வாங்கத் தேவையில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், ஃபைபருக்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள்.

3. ஃபைபர் என்கிற கண்ணாடி இழை

இது வீட்டுக்குழாய். தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழையில் வெளிச்சம் ஓடும், அந்த வெளிச்சம்தான் செய்தியைக் கொண்டுவருகிறது. தூரத்தால் வேகம் அவ்வளவாகக் குறையாது, மழையும் இடியும் செம்பை பாதிக்கிற மாதிரி இதை பாதிக்காது. வேகம் ஒரே சீராக வரும். பெரும்பாலான திட்டங்களில் தினக் கணக்கு கிடையாது. மாதத்துக்கு ஒரு பெரிய அளவு வைத்திருப்பார்கள், சாதாரண வீட்டில் அதைத் தாண்டுவது அபூர்வம்.

குறையும் உண்டு. இழையை மடக்கினால் ஒடிந்துபோகும். ரோடு போட வந்த ஜேசிபி, காற்றில் ஒடிந்த மரக்கிளை, எலி என எதனாலும் துண்டாகலாம். துண்டானால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். நம்மால் ஒட்ட முடியாது, அதற்கென்று கருவி வைத்திருக்கிறவர்தான் வர வேண்டும். ஆகவே ஃபைபர் எடுக்கும்போது கம்பெனி பெரியதா சின்னதா என்பதைவிட, ஒயர் அறுந்தால் எத்தனை நாளில் ஆள் வருகிறார் என்பதுதான் முக்கியம். ஏற்கெனவே எடுத்திருக்கும் இரண்டு வீட்டில் விசாரித்தாலே தெரிந்துவிடும்.

கரண்ட் போனால் பெட்டியும் நின்றுவிடும். பவர் கட் அதிகம் உள்ள ஊரில், பெட்டிக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்தால் சில மணி நேரம் ஓடும். பெட்டி இழுக்கும் கரண்ட் கொஞ்சம்தான், ஒரு சின்ன எல்இடி பல்பு அளவு. ஆனால் ராத்திரி பகல் எரிகிற பல்பு மாதிரி என்பதால் இரண்டு மாத மின்கணக்கில் சுமார் 15 யூனிட் கூடும்.

நம் ஊராட்சிக்கு ஃபைபர் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எல்லா ஊராட்சிக்கும் கண்ணாடி இழை கொண்டுபோக வேண்டும் என்று மத்திய அரசு 2011-இல் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2015-இல் அதற்கு பாரத்நெட் என்று பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் இந்த வேலையைப் பார்க்கிறது. 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைப்பதுதான் குறிக்கோள். உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அந்தப் பெட்டி இருக்கிறதா, வேலை செய்கிறதா, அதிலிருந்து வீடுகளுக்கோ நம் கூட்டமைப்பு அலுவலகத்துக்கோ இணைப்பு கிடைக்குமா என்று கிராம சபையில் தாராளமாகக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

4. ஏர் ஃபைபர்

பெயரில் ஃபைபர் இருந்தாலும் வீட்டுக்கு ஒயர் வராது. மொட்டை மாடியில் அல்லது சுவரில் ஒரு பெட்டி வைப்பார்கள். அது டவரிலிருந்து 5ஜி சிக்னலைப் பிடித்து வீட்டுக்குள் வைஃபையாகக் கொடுக்கும். பெரிய கம்பெனிகள் இரண்டும் 2023-இல் இதைக் கொண்டுவந்தன. ஒயர் இழுக்க முடியாத தோட்டத்து வீட்டுக்கும், கடைசித் தெரு வீட்டுக்கும் இது கைகொடுக்கும். ஒரே நாளில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால் இதுவும் டவரை நம்பியதுதான். உங்கள் வீட்டில் 5ஜி சிக்னல் நன்றாக எடுக்காவிட்டால் பயனில்லை. நடுவில் பெரிய மரமோ குன்றோ இருந்தாலும் சிக்கல். விலையும் பொதுவாக ஃபைபரைவிடக் கூடுதல். ஃபைபர் கிடைக்கும் தெருவில் இருப்பவர்கள் ஏர் ஃபைபருக்குப் போக வேண்டியதில்லை. "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று ஏஜெண்ட் சொன்னால் நம்பாதீர்கள்.

5. சாட்டிலைட் நெட்

வானத்திலிருந்து நேராக டிஷ் வழியாக வருவது. பழைய வகை சாட்டிலைட் பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அவ்வளவு தூரம் போய்வருவதால் பேசினால் பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகும். புதிய வகை சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் இந்தத் தாமதம் குறைவு. அந்த வகையைச் சேர்ந்த ஸ்டார்லிங்க் கம்பெனிக்கு மத்திய அரசு 2025 ஜூனில் உரிமம் கொடுத்தது. டவரும் இல்லாத, ஒயரும் வராத மலைக்கிராமங்களுக்குத்தான் இது பயன்படும். கருவிக்கே பெரிய தொகை ஆகும் என்பதால் ஒரு குடும்பம் தனியாக எடுப்பதைவிடப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கூட்டமைப்பு மாதிரி பொது இடத்துக்கு எடுப்பது பொருத்தம்.

இப்போது கணக்குப் போடுவோம்

வரவு செலவு நோட்டு எழுதத் தெரிந்த நமக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. கீழே உள்ள விலைகள் எல்லாம் உதாரணம்தான். உங்கள் ஊரில் என்ன விலையோ அதைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு போனுக்கு 28 நாள் ரீசார்ஜ் ரூ.300 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு எத்தனை ரீசார்ஜ்? 12 என்றுதான் எல்லோரும் சொல்வோம். இல்லை, 13! 365-ஐ 28-ஆல் வகுத்துப் பாருங்கள். மாதம் என்று நினைத்து ஏமாந்து வருடத்துக்கு ஒரு ரீசார்ஜ் கூடுதலாகப் போடுகிறோம். ஆக, ஒரு போனுக்கு வருடம் ரூ.3,900.

இதை டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும் கவனித்தது. 30 நாள் பேக் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் ஒவ்வொரு கம்பெனியும் வைத்திருக்க வேண்டும் என்று 2022-இல் உத்தரவு போட்டது. கடையில் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

அடுத்து ஃபைபர். நோட்டீசில் ரூ.399 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கீழே பொடி எழுத்தில் "ஜிஎஸ்டி தனி" என்று இருக்கும். 18 சதவீதம் சேர்த்தால் சுமார் ரூ.471. வருடத்துக்கு ஏறக்குறைய ரூ.5,650.

ஃபைபர் வந்துவிட்டால் எல்லா போனுக்கும் நெட் ரீசார்ஜ் வேண்டாமே? வெளியில் போகிற ஒருவர் போனுக்கு மட்டும் நெட் வைத்துக்கொள்ளலாம். வீட்டிலேயே இருக்கும் மற்ற போனுக்குப் பேசுவதற்கு மட்டும் பேக் போட்டால் போதும். "அப்படி ஒரு பேக் இருக்கா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. நெட் இல்லாமல் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்சுக்கும் மட்டும் தனி பேக் கொடுத்தே ஆக வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. 2025 ஜனவரியிலிருந்து கம்பெனிகள் அப்படிப்பட்ட பேக் கொடுக்கின்றன. ஒரு வருடத்துக்குச் சுமார் ரூ.1,850 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது கூட்டிப் பாருங்கள்:

இரண்டு போன் உள்ள வீடு: எல்லாம் செல்போன் நெட் என்றால் ரூ.7,800. ஃபைபர் போட்டால் ரூ.11,400. ஃபைபரால் ரூ.3,600 கூடுதல் செலவு.

மூன்று போன் உள்ள வீடு: செல்போன் நெட் ரூ.11,700. ஃபைபர் போட்டால் ரூ.13,250. ரூ.1,550 கூடுதல்.

நாலு போன் உள்ள வீடு: செல்போன் நெட் ரூ.15,600. ஃபைபர் போட்டால் ரூ.15,100. ரூ.500 மிச்சம்.

ஐந்து போன் உள்ள வீடு: செல்போன் நெட் ரூ.19,500. ஃபைபர் போட்டால் ரூ.16,950. ரூ.2,550 மிச்சம்.

ஆக, "ஃபைபர் போட்டா பணம் மிச்சம்" என்பது எல்லா வீட்டுக்கும் உண்மையில்லை. நாலு போனுக்குக் குறைவாக உள்ள வீட்டில் அது கூடுதல் செலவுதான். அந்தக் கூடுதல் செலவுக்குத் தகுந்த பலன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலேஜ் படிக்கும் பெண் தினம் மூன்று மணி நேரம் வீடியோ பாடம் பார்க்கிறாள் என்றாலோ, தையல், எம்பிராய்டரி, மசாலாப் பொடி ஆர்டர் நெட் மூலமாக வருகிறது என்றாலோ மாதம் நூறு, முன்னூறு கூடுதல் தப்பில்லை. அப்படி ஒன்றும் இல்லாவிட்டால் செல்போன் நெட்டே போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டில் மூன்று பேர் மில்லுக்கும் கம்பெனிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், வெளியில் அவர்களுக்கு நெட் வேண்டும். பேச்சு பேக் போதாது. அப்போது மேலே சொன்ன மிச்சம் கிடைக்காது. இரண்டு செலவும் சேர்ந்து தலையில் விழும்.

கையெழுத்துப் போடும்முன் கேட்க வேண்டியவை

1. ஜிஎஸ்டி சேர்த்து மாதம் எவ்வளவு? முழுத் தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.
2. பெட்டி இலவசமா, டெபாசிட்டா, விலைக்கா? டெபாசிட் என்றால் இணைப்பை நிறுத்தும்போது எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும்?
3. மாட்டுவதற்குக் கூலி தனியா?
4. மாதாமாதம் கட்டலாமா, ஆறு மாதம் சேர்த்துத்தான் கட்ட வேண்டுமா?
5. மாத அளவு எத்தனை ஜிபி? அதைத் தாண்டினால் வேகம் எவ்வளவுக்குக் குறையும்?
6. முதல் மூன்று மாதம் சலுகை விலை என்றால் நாலாவது மாதம் என்ன விலை?
7. ஒயர் அறுந்தால் யாருக்கு போன் பண்ண வேண்டும்? எத்தனை நாளில் வருவார்கள்? அந்த நாட்களுக்குக் கட்டணம் கழிப்பார்களா?
8. பில் கொடுப்பார்களா? பில்லில் எந்தக் கம்பெனி பெயர் இருக்கும்?

எட்டாவது கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் அதுதான் முக்கியம். பில் இல்லாமல் கையில் பணம் வாங்கிக்கொண்டு இணைப்பு கொடுப்பவரிடம் நாளைக்குப் பிரச்சினை வந்தால், நாம் பணம் கட்டியதற்கே சாட்சி இருக்காது.

முன்பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் சேர்த்துக் கட்டினால் ஒரு மாதம் இலவசம், மாட்டும் கூலி இலவசம் என்பார்கள். சலுகை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இரண்டாவது மாதமே லைன் சரியில்லை என்றால் மிச்சப் பணத்துக்கு அலைய வேண்டியது நாம்தான். முதலில் ஒரு மாதம் கட்டி, சாயங்கால நேரத்திலும் மழை நாளிலும் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் நீண்ட திட்டத்துக்குப் போகலாம். இந்த முன்பணத்துக்காகக் குழுவில் கடன் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. கடன் தவணை ஒரு பக்கம், வட்டி ஒரு பக்கம் என்று சேர்ந்தால் கிடைத்த சலுகை கரைந்துபோகும். முடிவு உங்கள் குழுவுடையது. எடுத்தாலும் இந்தக் கணக்கைத் தீர்மான நோட்டில் எழுதிவிட்டு எடுங்கள்.

யார் பெயரில்? யார் கையில்?

இணைப்பைக் குடும்பத் தலைவியின் பெயரில் வாங்குங்கள். பில் நம் பெயரில் வரும்போது எப்போது நிறுத்துவது, எந்தத் திட்டத்துக்கு மாற்றுவது என்ற முடிவும் நம்மிடம் இருக்கும். வைஃபை பாஸ்வேர்டும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். "பாஸ்வேர்டு பையனுக்குத்தான் தெரியும், அவன் போட்டுக் கொடுத்தாத்தான் உண்டு" என்று பல சகோதரிகள் சொல்கிறார்கள். பணம் கட்டுவது நாம், அனுமதி கேட்பதும் நாமா? கம்பெனி ஆள் மாட்டிவிட்டுப் போகும் அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி நோட்டில் எழுதி வையுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழைய பாஸ்வேர்டை அப்படியே விடாதீர்கள்.

"பக்கத்து வீட்டோட சேர்ந்து ஒரே இணைப்பு எடுத்துப் பாதிப் பாதி கட்டலாமா?" என்று பல இடங்களில் கேட்கிறார்கள். அண்ணன் தம்பி வீடானாலும் யோசிக்க வேண்டிய விஷயம். அந்த நெட்டில் யார் என்ன தப்பு செய்தாலும் விசாரணைக்கு முதலில் தேடி வருவது பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்குத்தான். பிறருக்கு விற்கவோ பிரித்துக் கொடுக்கவோ கூடாது என்று ஒப்பந்தத்திலேயே பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

ஏஜெண்ட் ஆதார் நகல் கேட்டால், நகலின் மேல் "நெட் இணைப்புக்காக மட்டும்" என்று தேதியுடன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஓடிபி வந்தால் எதற்கு வந்தது என்று படித்துப் பார்த்த பிறகே சொல்லுங்கள். வங்கியிலிருந்து வந்த ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது. "உங்க நிலத்தில் டவர் வைக்கிறோம், மாதம் வாடகை தர்றோம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்க" என்று போன் வந்தால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

பழுதானால் என்ன செய்வது?

முதலில் வீட்டிலேயே பாருங்கள். பெட்டியின் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே சரியாகும். பெட்டியை பீரோவுக்குள்ளோ டிவிக்குப் பின்னாலோ வைக்காமல், வீட்டின் நடுவில் கொஞ்சம் உயரமாக வையுங்கள். கனமான சுவரும் தகரமும் சிக்னலைத் தடுக்கும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தால் கம்பெனிக்கு போன் செய்து புகார் எண் வாங்குங்கள். ஏஜெண்டிடம் வாயால் சொன்னது புகார் ஆகாது. எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள். சரிசெய்யாவிட்டால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி இருப்பார். 2012-இல் வந்த டிராய் விதிப்படி அவரிடம் இலவசமாக முறையிடலாம், 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லை என்றால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது. எப்படிப் போவது என்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் கேட்டுக்கொள்ளலாம்.

ஒருவர் தனியாகப் புகார் செய்தால் மெதுவாகத்தான் வருவார்கள். ஒரே தெருவில் பத்து உறுப்பினர்கள் ஒரே நாளில் பத்து புகார் எண் வாங்கினால் ஆள் சீக்கிரம் வருவார். சங்கமாகச் சேர்ந்ததன் பலம் இதற்கும் உதவும்!

குழுவில் செய்ய வேண்டியது

அடுத்த கூட்டத்தில் ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு உறுப்பினரும் தங்கள் வீட்டில் எத்தனை போன், வருடத்துக்கு எவ்வளவு ரீசார்ஜ், வெளியில் நெட் தேவைப்படுகிறவர்கள் எத்தனை பேர், நெட்டால் படிப்போ வருமானமோ என்ன நடக்கிறது என்று சொல்லட்டும். படித்த உறுப்பினர் ஒருவர் கரும்பலகையில் எழுதட்டும். யாருக்கு ஃபைபர் கட்டுப்படியாகும், யாருக்கு செல்போன் நெட்டே போதும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

வேண்டும் என்று முடிவு செய்த உறுப்பினர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்தே கம்பெனி ஆளைக் கூட்டத்துக்கு வரவழையுங்கள். மேலே சொன்ன எட்டுக் கேள்வியையும் எல்லோர் முன்னிலையிலும் கேளுங்கள். வீட்டு வாசலில் தனியாக நிற்கும் பெண்ணிடம் சொல்கிற பதில் வேறு, பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் சொல்கிற பதில் வேறு. மாட்டும் கூலியைக் குறைக்கச் சொல்லியும் பேசிப் பாருங்கள்.

அந்த ஆள் வந்து பேசியதையும், உங்கள் குழு எடுத்த முடிவையும் எழுதி கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். எந்த ஊரில் எது நன்றாக வருகிறது, எங்கே ஆள் வருவதில்லை என்ற விவரத்தைத் திரட்டி அடுத்த இதழில் வெளியிட்டால் மற்ற குழுக்களுக்கும் உதவியாக இருக்கும்.